தரையைத் தொடும் வாத்தியம்

லிப்ட் அண்ணன் சிடியை உள்ளே தள்ளிவிட்டு, ஒலியைக் கூட்டிவிட்டு, நாற்காலியின் விளிம்புக்கு வந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலை உயர்த்துகிறார். இன்னும் யாரும் வாசிக்க ஆரம்பிக்கவில்லை. ஸ்பீக்கரில் வெறும் அமைதி. எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

"கேட்டீங்களா எழுத்தாளரே?"

"எதை அண்ணே?"

"ரூமை. பெரிய கூடம். மரத்தரை. மேல எங்கயோ ஏ.சி. ஓடுது. வலது பக்கம் ஒருத்தர் மூச்சை இழுக்கறார் பாருங்க, இப்ப ஆரம்பிப்பார்."

ஆரம்பித்தார். வலது பக்கத்திலிருந்துதான். லிப்ட் அண்ணன் விரலை இறக்கிவிட்டு, கண்ணைத் திறந்து, பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொள்ளாதவர் மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஆனால் இதுதான் நடக்கும். எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிப்ட் அண்ணன். ஐம்பத்தேழு வயது. முகத்தின் அளவுக்குக் காதுகள் கொஞ்சம் பெரியவை. விடுமுறை நாளிலும் வேலைக்குப் போகும் சட்டையைத்தான் போட்டிருப்பார். பையில் ஒரு பேனாவும், முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூடிரைவரும் இருக்கும். முப்பத்தொரு வருடமாக லிப்ட் மெக்கானிக். மோட்டாரில் கோளாறு என்றால் மற்றவர்கள் மீட்டரை எடுப்பார்கள். இவர் ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டாரில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் வைத்துக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து, "பின்பக்கத்து பேரிங், இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்" என்பார். ரெண்டு மாசம் தாங்கும்.

"காத்துல வர்ற சத்தம் பொய் சொல்லும் எழுத்தாளரே. இரும்புல வர்றது சொல்லாது."

எங்கள் பழக்கம் சண்டையில் ஆரம்பித்தது. நான் அவருக்கு நேர் கீழ் வீடு. ஒரு நாள் காலையில் என் கூடத்து விளக்கு கிணுகிணுவென்று ஆட ஆரம்பித்தது. மேலே ஏதோ பெரிய முரசு. பத்திரிகையில் இசை பற்றி எழுதுகிறவன் என்ற மிடுக்கோடு படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அவர் ஒன்றையும் சொல்ல விடவில்லை. "விளக்கு மட்டும் ஆடுதா, ஜன்னலுமா?" என்று கேட்டுக்கொண்டே என்னைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு என் சாப்பாட்டு மேசை மேல் ஏறினார். ஸ்க்ரூடிரைவரைக் கூரையில் ஊன்றிக் காதை வைத்தார். போனில் மனைவியிடம், "ஏம்மா, இப்பப் போடு" என்றார். என் மனைவி சமையலறை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்பீக்கருக்கு அடியில நாலு கூர் ஆணி இருக்கு. அது நேரா தரையில ஊன்றுது. என் தரைதானே உங்க கூரை," என்று தீர்ப்புச் சொல்லி இறங்கினார். அன்று சாயங்காலமே லிப்ட் மோட்டாருக்கு அடியில் வைக்கும் கனமான ரப்பர் வில்லைகளை ஆணிகளுக்குக் கீழே கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு என் விளக்கு ஆடவே இல்லை. எனக்குத்தான் மேலே போகாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஸ்பீக்கர்கள் அவர் வாங்கியவை அல்ல. இருபது வருடம் அவர் பராமரித்த ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் ஒரு பல் டாக்டர் இருந்தார். வெளிநாட்டுக்கே குடிபெயர்ந்தபோது, "என் பாட்டுப் பெட்டியெல்லாம் நல்ல காது இருக்கறவர்கிட்டதான் போகணும்" என்று சொல்லி, ஆம்ப்ளிஃபயரையும் ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டையும் இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கும் அண்ணி அன்று மாலை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "வீட்டுல ரெண்டு பீரோ வந்து நிக்குது, ஒரு துணி வைக்க முடியாது" என்றாராம். இன்றுவரை அவருக்கு அவை பீரோதான். "பீரோவை அணைச்சுட்டு வாங்க, சாப்பாடு ஆறுது" என்பார்.

பீரோ வந்தது தற்செயல். ஆனால் அண்ணன் அதன் முன்னால் உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. அவர் மகள் செல்லோ வாசிக்கிறாள். எட்டு வயதில் ஆரம்பித்தாள், இப்போது இருபத்தெட்டு. ஊரின் மறுகோடியில் தனியாக இருக்கிறாள், ஒரு நால்வர் குழுவில் வாசிக்கிறாள். செல்லோ, உட்கார்ந்து வாசிக்கும் பெரிய வயலின் மாதிரி; அதன் அடியில் ஓர் இரும்புக் கூர் உண்டு. அதைத் தரையில் ஊன்றித்தான் வாசிக்க வேண்டும். அவள் சிறுமியாகப் பயிற்சி செய்த இடத்தில், ஜன்னலோரம், தரையில் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகள் இன்னும் இருக்கின்றன. அண்ணி பெருக்கும்போது அங்கே மட்டும் துடைப்பம் கொஞ்சம் நின்று போகும்.

அவளுடைய குழுவின் முதல் கச்சேரிக்கு இருவரும் போயிருந்தார்கள். முடிந்து வெளியே வந்து, "எப்படிப்பா இருந்தது?" என்று கேட்டிருக்கிறாள். "நல்லா இருந்துச்சும்மா" என்றிருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டே, "சாப்பாட்டைப் பத்தியும் இதையேதாம்பா சொல்வீங்க" என்றாளாம். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அது அவருக்குத் தைத்துவிட்டது.

"இருபது வருஷமா வாசிக்கறா. அவளைப் பத்தி எனக்குச் சொல்லத் தெரிஞ்சது 'நல்லா இருக்கு'. அதைப் பக்கத்து வீட்டுக்காரனே சொல்லிட்டுப் போவானே! ஒரு மோட்டாரைப் பத்திக் கேளுங்க, ஒரு மணி நேரம் பேசறேன். சொந்தப் பிள்ளையைப் பத்தி உருப்படியா ஒரு வார்த்தை சொல்லணும் எழுத்தாளரே. கண்ணை மூடறதுக்குள்ள ஒன்னே ஒன்னு."

இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. நானும் எனக்குப் பழக்கமான கிண்டல் எதையும் செய்யவில்லை.

எனவே படிக்க ஆரம்பித்தார். கிளாசிக்கல் இசையில் அவருக்கு அட்சரம் தெரியாது. எந்த சிடியை வாங்குவது என்று தெரியவில்லை. தெரிந்த வழியில் இறங்கினார்: இயந்திரத்தைச் சோதிப்பது போலப் பதிவைச் சோதித்தார். பழைய சிடி விற்கும் ஒரு கடை இருக்கிறது. மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மார்பில் தொங்கவிட்டிருக்கும் ஓர் அம்மாள் நடத்துகிறார். முதலில் அண்ணன் அங்கே 'ஸ்பீக்கரைச் சோதிக்க உகந்தவை' என்று ஒரு தட்டில் அடுக்கியிருந்தவற்றை அள்ளிக்கொண்டு வந்தார். எல்லாம் முரசும் இடியும். என் விளக்கை ஆட்டியதும் அவற்றில் ஒன்றுதான். ஒவ்வொரு சிடியின் உறைக்குள்ளும் ஒரு சீட்டைச் செருகி வைத்தார். லிப்டைப் பழுது பார்த்துவிட்டுக் கட்டடத்தில் மாட்டிவிட்டு வரும் அட்டை மாதிரியே: தேதி, இடம், குறை. 'குறை: ஆறாவது நிமிடம் தாள் புரட்டும் சத்தம்.' 'குறை: இடது ஓரத்தில் நாற்காலி.' குறை இருந்தால் கடைக்கு எடுத்துப் போய் மாற்றித் தரச் சொல்வார்.

நாலாவது தடவை கடைக்காரம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டைப் படித்தார். அன்று நானும் கூடப் போயிருந்தேன்.

"தாளைப் புரட்டாம எப்படிங்க வாசிப்பாங்க? உங்களுக்கு வேண்டியது பாட்டா, ஆளே இல்லாத ரூமா?"

அண்ணன் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். அம்மாள் விடவில்லை.

"எடுத்த எடுப்புல நூறு பேர் வாசிக்கறதுக்குள்ள ஏன் போறீங்க? கல்யாண மண்டபத்துல நுழைஞ்ச மாதிரிதான், ஒருத்தர் முகமும் நிக்காது. நாலு பேர் வாசிக்கறதை எடுத்துக்குங்க. ஒரே பாட்டு, மூணு பேர் மூணு விதமாப் பதிவு பண்ணது தர்றேன். எது நல்ல பதிவுன்னு நீங்களே வந்து சொல்லுங்க. அப்புறம் ஒன்னு. நாலையும் சேர்த்துக் கேக்காதீங்க. ஒரு வாத்தியத்தைப் பிடிச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் அது பின்னாலயே போங்க."

எந்த வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றையும் அவரோடு உட்கார்ந்து கேட்டேன். முதலாவதைப் பற்றி, "மைக்கை வாத்தியத்துக்குள்ளயே சொருகிட்டான். வில்லு உரசறதுதான் கேக்குது, பாட்டு கேக்கலை" என்றார். இரண்டாவதற்கு, "இது எங்கயோ தெருமுனையில நின்னு பதிவு பண்ணது. குளியலறையில பாடற மாதிரி இருக்கு." மூன்றாவதில் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே காற்றில் கையை நீட்டி, "இங்க ஒருத்தர், இங்க ஒருத்தர், இவர் கொஞ்சம் பின்னால, செல்லோ இதோ" என்று தொட்டுத் தொட்டுக் காட்டினார். நான் ஞானி மாதிரி தலையாட்டினேன். ஆறு வருடமாக இசை விமர்சனம் எழுதுகிறேன். மைக்கை எங்கே வைத்தார்கள் என்பது ஒரு விஷயம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என் பத்திரிகை ஆசிரியர் இதைப் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அந்த மூன்றோடு கடைக்காரம்மாள் நாலாவதாக ஒன்றைச் சும்மா கொடுத்திருந்தார். அதே பாட்டு, மிகப் பழைய பதிவு. மழை பெய்வது போல ஒரே சீறல். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம், யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வழியில்லை. நடுவில் ஒருவர் இருமுகிறார். அண்ணன் சீட்டில் ஏழு குறை எழுதினார். அடுத்த ஞாயிறு திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். கொடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அதைத்தான் போட்டார்.

"அந்த இருமல்காரன் இன்னிக்கும் வந்துட்டானா?" என்று உள்ளிருந்து அண்ணி கேட்டார்.

"இரு இரு, இப்பப் பாருங்க எழுத்தாளரே," என்று விரலை உயர்த்தினார். பாட்டின் மெதுவான பகுதி முடியப் போகிறது. "கடைசி ஸ்வரத்துக்கு முன்னாடி. செல்லோக்காரர் நிக்கறார் பாருங்க. எல்லாரும் வந்தாச்சு, இவர் மட்டும் ஒரு நொடி காத்திருக்கார். லிப்ட் வந்து மாடியில நின்னதும், கதவு திறக்கறதுக்கு முன்னாடி ஒரு நொடி இருக்கும்ல? அது. அந்த நல்ல பதிவு இருக்கே, அதுல இந்த நொடியே இல்லை. சடார்னு திறந்துடறான்."

பிறகு சீட்டை எடுத்து, ஏழு குறைகளுக்குக் கீழே 'இருந்தாலும்' என்று எழுதி, யோசித்து, 'காத்திருக்கிறார்' என்று முடித்தார். அன்றிலிருந்து எல்லாச் சீட்டிலும் குறைக்குக் கீழே 'இருந்தாலும்' என்று ஒரு வரி உண்டு. பல சீட்டுகளில் அது காலியாகவே இருக்கிறது, நல்ல பதிவுகளிலும்கூட.

இந்த வருடம் மகளுடைய குழு தங்கள் முதல் சிடிக்கான பதிவை முடித்தது. வெளியே அனுப்புவதற்கு முன், அப்பாவின் ஸ்பீக்கரில் கேட்க வேண்டும் என்று அவளே எடுத்துக்கொண்டு வந்தாள். என்னையும் கூப்பிட்டார்கள். அண்ணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கச்சேரிக்கு வந்தவர் போல உட்கார்ந்தார். அண்ணன் விளிம்பில் உட்கார்ந்து கண்ணை மூடினார். மெதுவான பகுதி வந்தது. அவர் நெற்றி சுருங்கியது. அந்தப் பகுதி முடிந்ததும் மகள் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு, வெகு சாதாரணமாகக் கேட்பது போல, "எப்படிப்பா?" என்றாள்.

முதல் கச்சேரியிலிருந்து அவர் காத்திருந்த கேள்வி.

"நீங்க பதிவு பண்ண கட்டடத்து லிப்ட்ல பேரிங் போயிருக்கும்மா," என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் சிடியை எடுத்து உறையில் போட்டாள். வேலை இருக்கிறது என்றாள். அண்ணி எடுத்து வைத்த தட்டு அப்படியே இருந்தது.

கதவு சாத்தியதும் அண்ணி, "மெஷின்கிட்டயே பேசிப் பேசி உங்களுக்கு மனுஷங்ககிட்ட பேச வரலை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை; அதனால்தான் அவருக்கு வலித்தது. அந்த வாரம் பீரோ வாய் திறக்கவில்லை. படியில் என்னைப் பார்த்தபோது, "வாய் வரைக்கும் வேற வந்துச்சு எழுத்தாளரே. லிப்ட் முந்திக்கிச்சு" என்றார். எனக்கு அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது.

நாலாம் நாள் மகள் போன் செய்தாள். அதை எனக்கு அண்ணி சொன்னார்.

"அப்பா, நீங்க சொன்னது இருக்கு. மூணு இடத்துல. ஒலிப்பதிவு பண்றவர் பெரிய ஸ்பீக்கர்ல போட்டப்பதான் அவருக்கே தெரிஞ்சுது. மெதுவான பகுதியை மட்டும் ஞாயித்துக்கிழமை திரும்ப வாசிக்கறோம். கூடத்துல ரெண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன், நீங்களும் அம்மாவும் வாங்க. இந்தத் தடவை லிப்டைக் கேக்காம என்னைக் கேளுங்க."

"லிப்டை என்ன பண்ணப் போறாங்க?" என்றாராம் அண்ணன்.

அது பெரிய சிக்கல். அந்தக் கட்டடத்தில் தரைத்தளத்தில் கூடம். மேலே ஐந்தாவது மாடியில் ஒரு கண் மருத்துவமனை. கண்ணில் கட்டுப் போட்டவர்களைப் படியில் இறக்க முடியாது. வாசிக்கும்போது நிறுத்தி, இடைவேளையில் ஓடவிட வேண்டும். உரிமம் உள்ள மெக்கானிக் ஒருவர் பக்கத்திலேயே நின்றால்தான் நிறுத்த விடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். லிப்ட் கம்பெனிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார்கள். பேரிங் மாற்ற அடுத்த மாதம் ஆகும்.

"நான் நின்னு நிறுத்தித் தர்றேன்," என்றாராம்.

"அப்பா, மெஷின் ரூம் அடித்தளத்துல இருக்கு. உங்களுக்கு ஒன்னும் கேக்காது."

"நீ வாசிம்மா. என் நாற்காலியில எழுத்தாளரை உக்கார வை."

நான் உட்காரவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் உட்கார எனக்கு மனம் வரவில்லை, அவரோடு கீழே இறங்கிவிட்டேன். காலியாக இருந்த நாற்காலியில் அண்ணி தன் கைப்பையை வைத்திருந்தாராம்.

மெஷின் ரூம் தாழ்வான, வெள்ளையடித்த அறை. தலைக்கு மேலே, கூடத்துத் தரையைத் தாங்கிக்கொண்டு, ஓர் இரும்பு உத்திரம் குறுக்கே ஓடியது. அண்ணன் மேனேஜரிடம் உரிமத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, மோட்டாரில் ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பார்த்தார். "சொன்னேன்ல, பேரிங்தான்" என்றார். அதில் அவருக்குச் சந்தோஷமே இல்லை. போனில் 'நிறுத்தலாம்' என்று ஒலிப்பதிவாளரின் செய்தி வந்தது. பெரிய சுவிட்சைக் கீழே இழுத்தார். எல்லாம் அடங்கியது.

எட்டு நிமிடம். சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். கூரை கெட்டியானது, ஒரு பொட்டுச் சத்தம் இறங்கி வரவில்லை. பல் டாக்டரின் ஸ்பீக்கர்கள் வீட்டில் சும்மா நிற்க, மகள் தலைக்கு மேலே வாசிக்க, இவர் இங்கே வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'விடலாம்' என்று செய்தி வந்ததும் லிப்டை ஓடவிட்டார். யாரோ இருவர் மேலே போனார்கள், ஒருவர் கீழே வந்தார்.

இரண்டாவது தடவை சுவிட்சை இழுத்ததும் அவர் கண் உத்திரத்தில் நின்றது. சத்தமில்லாமல் தன் கருவிப் பெட்டியைக் காலால் நகர்த்தி அதன் மேல் ஏறினார். ஒரு கை சுவிட்சில் இருந்தது. இன்னொரு கையால் ஸ்க்ரூடிரைவரை உத்திரத்தில் ஊன்றிக் காதை வைத்தார். உதிர்ந்த சுண்ணாம்பு அவர் காதிலும் தலைமயிரிலும் விழுந்தது. முகத்தைப் பார்த்து, "கேக்குதா அண்ணே?" என்று மூச்சுக்காற்றில் கேட்டேன்.

"வயலின் ஒன்னும் வரலை," என்று முணுமுணுத்தார். "மேல நாலு பேர். தரையில ஆணி ஊன்றவ ஒருத்திதான்."

ஸ்க்ரூடிரைவரைப் பிடித்திருந்த கையில் ஆள்காட்டி விரல் மட்டும் மெதுவாக உயர்ந்தது. மூன்றாவது தடவையும் அப்படியே நின்றார். அது முடிந்து 'விடலாம்' என்று செய்தி வந்த பிறகும் காதை எடுக்கவில்லை. நான்தான் தோளைத் தொட வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மகள் இறங்கி வந்தாள். வாசித்து முடித்ததும் செல்லோவின் தந்திகளைத் துடைக்கும் துணி இன்னும் கையில் இருந்தது.

"முடிஞ்சுதுப்பா. ரொம்ப நன்றி. பாவம், உங்களுக்கு ஒன்னுமே கேட்டிருக்காது."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"மூணாவதை வச்சுக்கம்மா. ரெண்டாவது தடவை கடைசி ஸ்வரத்துக்கு முன்னாடி அவசரப்பட்டுட்டே. மூணாவதுல காத்திருந்தே."

அவள் கருவிப் பெட்டி கிடந்த இடத்தைப் பார்த்தாள். உத்திரத்தில் வெள்ளை உதிர்ந்திருந்த சின்னப் புள்ளியைப் பார்த்தாள். அப்புறம் கிட்டே வந்து, கையிலிருந்த துணியால் அவர் காதில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் துடைக்க ஆரம்பித்தாள். அவர் தலையைக் குனிந்து காட்டினார்.